சொல்லிவைத்த வாசல்

இணைய முகவரி ஒன்றின் கடைசியில் முக்காற்புள்ளி வைத்து 8080 என்றோ 8443 என்றோ ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தால், அது யாரோ ஒருவருடைய வீடாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கூடத்து மூலையில், ரௌட்டருக்குப் பக்கத்தில், உள்ளங்கையளவுக் கணினி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தையின் படங்கள், பாட்டி சொல்லி எழுதிவைத்த சமையல் குறிப்புகள், மொட்டைமாடியில் அளந்து சேர்த்த மழைக்கணக்கு என்று எதுவும் அதில் இருக்கலாம். எண்ணோடு சேர்த்து முகவரியைத் தட்டினால் பக்கம் திறக்கும். எண்ணை விட்டுவிட்டால், அப்படி ஓர் இடமே கிடையாது என்பதுபோல் பிரவுசர் கைவிரித்துவிடும்.

இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. வாசல் வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் என்று ஊருக்குச் சொல்லாமல் இருப்பவர் கதவைத் திறந்தவரா, மூடியவரா? தேடிக் கண்டுபிடித்து வந்து நிற்பவர் விருந்தாளியா, அத்துமீறியவரா? கணினித் துறையினர் பெரும்பாலும் இதைப் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டுமே பேசி முடித்துவிடுகிறார்கள். அறத்தைப் பற்றிய கேள்வியாகவும் இதைக் கேட்டாக வேண்டும்.

முதலில் எண். ஒவ்வோர் இணைய முகவரிக்கும் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள், அதாவது போர்ட்கள், உண்டு. மின்னஞ்சலுக்கு 25, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு 22, வலைப்பக்கத்துக்கு 80, மறையாக்கம் செய்த வலைப்பக்கத்துக்கு 443. முகவரியில் எண் எதுவும் இல்லையென்றால் பிரவுசர் தானாகவே 80 அல்லது 443 என்று வைத்துக்கொள்ளும். இந்த எண்களில் இயற்கையான சிறப்பு எதுவும் கிடையாது. வலையே 80இல் பிறக்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் தொடக்ககால மென்பொருள் 2784 என்ற போர்ட்டில்தான் பேசியது. 80ஆம் எண்ணை 1992 ஜனவரி 24 அன்று ஜான் போஸ்டல் ஒதுக்கித் தந்தார் என்று அந்த மென்பொருளின் நிரல் வரிகளுக்கு நடுவே ஒரு குறிப்பு இருக்கிறது. 80இல் பதில் வராவிட்டால் பழைய 2784ஐத் தட்டிப் பார்க்கவும் அந்த நிரலில் வழி வைத்திருந்தார்கள்.

போஸ்டல் 1972இலேயே, மாணவராக இருந்தபோதே, இந்த எண்களை எல்லாம் ஒருவர் பொறுப்பேற்றுப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பில் முன்மொழிந்தவர். அந்த ஒருவர் தாமாகவே இருக்கலாமா என்றும் அதில் கேட்டிருந்தார். 1998இல் அவர் இறக்கும்வரை அந்த எண்களின் பட்டியல் அவருடைய மேற்பார்வையில்தான் இருந்தது. அவர் பின்னால் படையோ சட்டமோ நிற்கவில்லை. கேட்டவருக்கு ஓர் எண் கொடுத்தார். மற்றவர்கள் அதை மதித்தார்கள். எஸ்எஸ்எச்சை எழுதிய பின்லாந்துக்காரர் டாட்டு யுலோனென் 1995 ஜூலையில் 22ஆம் எண் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டார். மறுநாளே எண் கிடைத்துவிட்டது.

இப்படி எல்லோரும் மதிப்பதாலேயே உயிரோடிருக்கும் ஏற்பாடுகளைப் பற்றி டேவிட் லூயிஸ் என்ற தத்துவவாதி 1969இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் தம்முடைய சொந்த ஊரான ஓபர்லினைச் சொல்கிறார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள அந்த ஊரில் ஒரு காலத்தில் உள்ளூர்த் தொலைபேசி அழைப்புகள் 3 நிமிடத்தில் சொல்லாமல் துண்டிக்கப்பட்டுவிடும். இருவரும் ஒரே நேரத்தில் திரும்ப அழைத்தால் இணைப்பு கிடைக்காது. இருவரும் காத்திருந்தாலும் கிடைக்காது. முதலில் கூப்பிட்டவரே மறுபடி கூப்பிடுவது என்று ஊர் ஒரு வழக்கத்துக்கு வந்துசேர்ந்தது. எதிர்முனையில் இருப்பவரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார் என்ற நம்பிக்கை ஒன்றே அந்த வழக்கத்தின் பலம்.

அப்படியொரு வழக்கம் யாருக்குத் தேவைப்படுகிறது? நன்கு பழகிய இருவர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். பேசி வைக்க வாய்ப்பே இல்லாதவர்களுக்குத்தான் ஊரறிந்த வழக்கம் வேண்டும். 80ஆம் போர்ட் முன்பின் தெரியாதவருக்காக ஏற்பட்டது. பெயர் மட்டும் தெரிந்த எவரும், யாரையும் கேட்காமல், நேராக வந்து தட்டலாம். எண்ணை மாற்றி வைத்தவர் முன்பின் தெரியாத அந்த மனிதரை விட்டுக்கொடுக்கிறார். இனி அவர் வாசலுக்கு ஒருவர் வந்துசேர வேண்டுமென்றால், யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாற்று போர்ட்டின் முழுப் பொருளும் இதற்குள் அடங்கியிருக்கிறது. மறைவு என்று பலர் நினைப்பது உண்மையில் ஒரு சொல்லிவைப்பு.

எல்லோரும் இதை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. 2001 ஜூலை 19 அன்று கோட் ரெட் என்ற புழு 14 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 3,59,000 கணினிகளைப் பிடித்தது. மைக்ரோசாஃப்டின் வலை சர்வர் மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, 80ஆம் போர்ட் வழியாகவே அது பரவியது. வீடுகளுக்கு இணைப்பு தரும் நிறுவனங்கள் பல, சந்தாதாரரின் 80ஆம் போர்ட்டுக்கு வெளியிலிருந்து எதுவும் வராதபடி தடுத்தன. புழு அடங்கிய பிறகும் பல இடங்களில் அந்தத் தடை அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் சர்வர் வைத்திருந்தவர்கள் 8080க்கும் 8000க்கும் குடிபெயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிட ஆழமான தடை, முகவரிப் பஞ்சம். பழைய முறையில் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அடுத்த ஆண்டு, இணைப்பு தரும் நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒரு தனி முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் கூட்டமாகக் குடியிருக்கும் ஏற்பாடு இப்படிப் பரவியது. அந்த வீடுகளிலிருந்து உலகின் எந்தப் பக்கத்துக்கும் போகலாம். உலகத்திலிருந்து அந்த வீட்டைத் தேடி எவரும் வர முடியாது.

இணையத்தை வரைந்தவர்கள் விருந்தாளிக் கணினி, வீட்டுக்காரக் கணினி என்று பிரித்து வைக்கவில்லை. இணைந்த எதுவும் எதையும் கூப்பிடலாம், எதற்கும் பதில் சொல்லலாம் என்பதுதான் அடிப்படை. அந்தச் சமநிலை இன்று பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. வெறும் தொழில்நுட்ப இழப்பாக இதைக் கடந்துபோவது தவறு. திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் இல்லறவியலுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. வீடு கட்டிக் குடியிருப்பதன் நோக்கங்களில் ஒன்றாகவே வந்தவரைப் பேணுவது அங்கே பேசப்படுகிறது. போகத் தெரிந்து, வரவேற்க வழியில்லாத வீடு அந்த அளவுகோலில் குறைபட்ட வீடு. தன் மகளின் படத்தை அத்தைக்குக் காட்டக்கூட ஒருவர் மூன்றாவது நிறுவனம் ஒன்றின் இடத்துக்குப் போய், அது போடும் விதிகளுக்குக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. பழைய கணினி ஒன்றில் 8443ஐத் திறந்து வைப்பவர் வரவேற்கும் உரிமையை மீட்க முயல்கிறார். அந்த முயற்சி மதிப்புக்குரியது.

மீட்ட உரிமையோடு கடமையும் கூடவே வருகிறது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். எண்ணை மாற்றியதே பூட்டு என்று நினைத்துவிடுகிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, பழைய முறை முகவரிகள் அத்தனையிலும் ஏதேனும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடும். ஒரே ஒரு வீட்டின் எல்லா போர்ட்களையும் தட்டிப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது. 2009இல் தொடங்கிய ஷோடான் என்ற தேடுதளம் இணையத்தில் திறந்திருக்கும் கருவிகளையும் போர்ட்களையும் ஓயாமல் பட்டியலிட்டபடியே இருக்கிறது. 8080, 8443 போன்றவை இப்படித் தட்டுகிறவர்கள் முதலில் பார்க்கும் எண்கள். வழக்கமான எண்ணை மட்டும் தட்டிவிட்டுப் போகும் தானியங்கிகள் குறைவதால் சர்வரின் பதிவேட்டில் இரைச்சல் அடங்கும் என்பது உண்மை. ஆபத்து அடங்குவதில்லை. மறைமுறை ஒன்றின் அமைப்பு எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக் கூடாது, சாவி ஒன்றே ரகசியமாக இருக்க வேண்டும் என்று ஆகுஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் 1883இலேயே எழுதினார். போர்ட் எண் அமைப்பின் பகுதி. அதைச் சாவியாக நடத்துவது பொய் நம்பிக்கை.

அப்படியானால், தட்டிப் பார்த்து உள்ளே வந்தவர் குற்றவாளியா?

2010இல் அமெரிக்காவில் ஐபேட் வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சர்வரிலிருந்து வெளியாயின. முகவரியில் ஒரு சிம் கார்டு எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய மின்னஞ்சலை அந்த சர்வர் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் தந்துகொண்டிருந்தது. எண்ணை மாற்றி மாற்றிக் கேட்ட ஒரு நிரல் 1,14,000 முகவரிகளை எடுத்தது. அந்த விவகாரத்தில் ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமர் என்பவருக்கு 41 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. வழக்கு நடந்த இடமே தவறு என்பது காரணம். பூட்டாத கதவைத் தள்ளுவது குற்றமா என்ற மூலக்கேள்விக்கு அந்த வழக்கு விடை சொல்லாமலேயே முடிந்துவிட்டது.

இம்மானுவேல் கான்ட் 1795இல் எழுதிய நிலைத்த அமைதி பற்றிய நூலில் ஒரு வேறுபாடு வருகிறது; அது இங்கே உதவும். அயல்நாட்டுக்கு வரும் அந்நியருக்கு, வந்ததற்காகவே பகைவராக நடத்தப்படாமல் இருக்கும் உரிமை உண்டு என்கிறார் அவர். விருந்தினராகத் தங்கும் உரிமை வேறு; அது தனி இணக்கத்தால் மட்டுமே கிடைக்கும். வந்து நிற்பது ஒன்று, உள்ளே அமர்வது இன்னொன்று. ஒரு போர்ட்டைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்ப்பவர் முதல் வகை. வந்த பதிலில் ஒரு குடும்பத்தின் படங்கள் இருப்பதைப் பார்த்த பிறகும் அள்ளிக்கொண்டு போகிறவர், பூட்டு இல்லை என்ற சாக்கில் இரண்டாவது உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறார். தனக்காக வைக்கப்பட்டதல்ல என்று கண்ணுக்குத் தெரிந்த கணத்திலிருந்து அவர் பொறுப்பு தொடங்குகிறது. வீட்டுக்காரரின் பொறுப்பும் அதனால் குறைவதில்லை. அந்தப் படங்களில் இருப்பவர்கள் அவரை நம்பியவர்கள். தன் சொந்த ரகசியத்தை ஒருவர் அலட்சியமாக வைத்துக்கொள்ளலாம். பிறர் ரகசியத்தை அப்படி வைக்க அவருக்கு அனுமதி கிடையாது.

வரும் எல்லோரையும் தாக்குபவராகவே எண்ணி நடத்துவதும் ஒரு குறைதான். மூடிய போர்ட்டைத் தட்டினால் கணினி இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். இங்கே யாரும் இல்லை என்று உடனே பதில் அனுப்பலாம். அல்லது ஃபயர்வால் வந்த செய்தியைப் பேசாமல் விழுங்கிவிடலாம். தட்டியவர் நேரம் தீரும்வரை காத்து நிற்பார். இருப்பதே தெரியக் கூடாது என்று இரண்டாவதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் எண்ணை மறந்துவிட்ட வயதான மாமாவும் அதே மௌனத்தின் முன்னால்தான் நிற்கிறார். குறுந்தொகையில் நன்னாகையாரின் பாட்டு ஒன்றில், மாலையில் வாயிலை அடைக்கும் முன் உள்ளே வர இன்னும் யாராவது உண்டா என்று காவலர் கேட்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. பாட்டு வராத காதலனைப் பற்றியதுதான். ஆனாலும் கதவை அடைப்பதற்கும் ஒரு முறை உண்டு, அடைப்பவர் வெளியே நிற்பவரை நினைக்கக் கடமைப்பட்டவர் என்ற உணர்வு அந்த வழக்கத்துக்குள் இருக்கிறது.

விலகியிருந்துகொண்டே எட்டக்கூடியவராக இருப்பது எப்படி என்பதை மிகக் கூர்மையாக வாழ்ந்து பார்த்தவர்கள் இடைக்கால இங்கிலாந்தின் அடைப்புத் துறவியர். தேவாலயச் சுவரை ஒட்டிய சிறு அறைக்குள் ஒரு பெண் உயிருள்ளவரை தன்னை அடைத்துக்கொள்வார். உள்ளே போகும் சடங்கு இறந்தவர்களுக்கான வழிபாட்டை ஒத்திருந்தது; உலகத்துக்கு அவர் இறந்தவர். ஆனாலும் அறைக்குச் சன்னல்கள் வைத்தார்கள். ஒன்று தேவாலயத்துக்குள் பார்க்க, ஒன்று பணிப்பெண் உணவு தர, ஒன்று வெளியார் வந்து பேச. இத்தகைய துறவியருக்காக 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட ‘ஆன்க்ரென் விஸ்ஸே’ என்ற வழிகாட்டி நூல் சன்னல்களைப் பற்றி மட்டும் எவ்வளவோ பேசுகிறது. எல்லாம் சிறியதாக இருக்கட்டும், வெளியாருடன் பேசும் சன்னல் எல்லாவற்றிலும் சிறியதாக இருக்கட்டும் என்கிறது. அதில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு வெள்ளைச் சிலுவை தைக்கச் சொல்கிறது. ஊர்வம்பு பரவும் இடங்களில் ஒன்றாகத் துறவியின் அறையும் பேர் வாங்கிவிட்டது என்று கவலைப்படவும் செய்கிறது.

இவ்வளவு கவலை இருந்தும் சன்னலை அடைத்துவிடு என்று அந்த நூல் சொல்லவில்லை. 1373இல் தமக்குக் கிடைத்த காட்சிகளை எழுதிவைத்த நார்விச் நகரத்து ஜூலியன் அப்படியோர் அறையில் வாழ்ந்தவர். 1413ஆம் ஆண்டையொட்டி மார்ஜரி கெம்ப் என்ற பெண் அவரைத் தேடி வந்தார். தமக்கு வரும் தரிசனங்கள் உண்மையா, மயக்கமா என்று கேட்க வேண்டியிருந்தது. அதில் ஜூலியன் தேர்ந்தவர் என்று அறிந்து வந்தார். ஜூலியன் சந்தையில் நின்று போதிக்கவில்லை. சன்னலைப் பூட்டவும் இல்லை. வேண்டியவருக்கு வழி தெரிந்திருந்தது. மாற்று போர்ட்டில் இருக்கும் ஒரு நல்ல வீட்டுத் தளம் சேர வேண்டிய குடும்பம் இதுதான்: அடைப்பு, சன்னல், துணி, சொல்லி வருகிறவர்.

இயேசுவின் மலைப்பொழிவைப் படித்தவர்கள் இங்கே ஓர் இடர்ப்பாட்டை உணர்வார்கள். மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், ஏற்றிய விளக்கை மூடி வைக்காமல் தண்டின் மேல் வைக்கச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, ஜெபிக்க வேண்டுமானால் தெருமுனையில் நிற்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார். ஒரே பொழிவில் இரண்டும் வருகின்றன. விளக்கின் வெளிச்சம் வீட்டில் இருப்பவர்களுக்குத் தேவைப்படுகிறது. தெருமுனை ஜெபம் ஜெபிப்பவரின் பேருக்குத்தான் தேவைப்படுகிறது. யாருக்காக என்ற கேள்வியே இரண்டையும் பிரிக்கிறது.

வீட்டு சர்வரில் இருப்பதையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். ஒரு கிராமத்தின் 20 ஆண்டு மழைக்கணக்கு, வேறு எங்கும் கிடைக்காத ஒரு பழைய புத்தகத்தின் பிரதி இவை விளக்கு வகை. இவற்றை 8081இல் ஒளித்துவைப்பவர், தேடுபவருக்குச் சேர வேண்டியதைத் தடுத்துவைக்கிறார். அவற்றுக்கு ஊரறிந்த வாசல்தான் நியாயம். குழந்தையின் படம், மருத்துவ அறிக்கை, கணக்கு வழக்கு இவற்றுக்கு எந்த எண்ணாக இருந்தாலும் பூட்டு வேண்டும்: கடவுச்சொல், மறையாக்கம், தவறாமல் புதுப்பித்த மென்பொருள். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை உண்டு. முடிக்காத கதை, பாட்டியின் குரல் பதிவு, நண்பர்கள் சேர்ந்து எழுதும் நாட்குறிப்பு. ரகசியம் என்று சொல்லிவிட முடியாது. அறிவிப்பாக ஆக்கிவிட்டாலும் அதன் இயல்பு கெட்டுவிடும். மாற்று போர்ட் மனசாட்சிக்குப் பொருந்திவருவது இந்த நடுவகைக்குத்தான். வருகை எண்ணிக்கையை எதிர்பார்க்காமல், சொல்லியவரை நம்பி வைத்த இடம்.

பொதுவழியை விட்டவர் வேறு சில விலைகளையும் கொடுக்கிறார். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 முதல் எல்லோருக்கும் மறையாக்கத்துக்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அதற்கு, இந்தப் பெயர் என்னுடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். பரவலான சோதனை முறைகள் 80 அல்லது 443ஆம் போர்ட்டில்தான் வந்து பார்க்கும். அவை அடைபட்டவர் பெயர்ப் பதிவேட்டில், அதாவது டிஎன்எஸ்ஸில், ஒரு குறிப்பை எழுதிக் காட்டியே மெய்ப்பிக்க முடியும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று பெரிய நிறுவனங்களின் சுரங்க இணைப்புச் சேவையைப் பிடிப்பவர்கள் பெருகிவருகிறார்கள். போர்ட் எதையும் திறக்காமலேயே வீட்டுத் தளம் 443இல் உலகுக்குத் தெரியும். ஆனால் பல சேவைகளில் மறையாக்கம் அந்த நிறுவனத்தின் கணினியிலேயே அவிழ்கிறது. வருகிறவர் யார், என்ன பார்க்கிறார் என்பது இடையில் நிற்பவருக்குத் தெரியும். வீட்டுக்குத் தலைவராக இல்லாதவரால் விருந்து தர முடியாது என்று விருந்தோம்பலைப் பற்றிய 1996ஆம் ஆண்டு உரைகளில் தத்துவவாதி ழாக் தெரிதா வாதிட்டார். தொலைபேசியும் மின்னஞ்சலும் வீட்டின் எல்லையை எப்படிக் குலைக்கின்றன, அரசின் ஒட்டுக்கேட்பு அந்த எல்லைக்குள் எப்படி நுழைகிறது என்பதையும் அதே உரைகளில் பேசினார். சுரங்க இணைப்பை அவசியத்துக்கு ஏற்பதில் பிழையில்லை. அந்த வீட்டில் இன்னொருவரும் தலைவராக இருக்கிறார் என்பதை விருந்தாளிக்குச் சொல்லிவிடுவது நேர்மை.

புதிய முகவரி முறையான ஐபிவி6 இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்ட பயனர்களை எட்டிவிட்டது. அதில் முகவரிப் பஞ்சம் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி கிடைக்கலாம். உள்ளே வருவதை ரௌட்டர் தடுக்கிறதா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய செய்தி. எண்ணைச் சொல்லிவைக்கும் வேலையும் மாறக்கூடும். ஒரு சேவை எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை டிஎன்எஸ் பதிவேடே சொல்லும் எஸ்ஆர்வி பதிவுகள் 2000ஆம் ஆண்டிலேயே தரமாக வந்தன. பிரவுசர்கள் அவற்றை வலைப்பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 2023 நவம்பரில் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9460, எச்டிடிபிஎஸ் என்ற புதிய வகைப் பதிவில் போர்ட் எண்ணையும் குறிக்க வழிசெய்திருக்கிறது. எல்லா பிரவுசர்களும் அதை முழுமையாக ஏற்றுக்கொண்டால், பெயரைத் தட்டும் எவரும் 8443இல் இருக்கும் வீட்டுக்கு எண் தெரியாமலேயே வந்துசேர்வார். விரும்புகிற வீட்டுக்காரர் பதிவேட்டில் அந்த வரியை எழுதுவார். விரும்பாதவர் எழுதாமல் விடுவார். முன்பின் தெரியாதவரை அழைப்பதா என்பதை அப்போது அவரவரே எழுதி முடிவுசெய்துகொள்ளலாம். இணைப்பு தரும் நிறுவனம் 80ஐ அடைத்ததால் நேர்ந்த கட்டாயமாக அது இருக்காது.